அப்பா வருவார் என்று ஏரிக்கரையில் காத்திருந்த பையன்

என் மகன் தன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது அவனுக்கு 9 வயது. நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். 2016, ஐப்பசி மாதம். மருந்துக் கம்பெனியில் ரெப் வேலை பார்த்த என் கணவர், மதுரையிலிருந்து விருதுநகர் போகும் நான்குவழிச் சாலையில் லாரி மோதி இறந்துபோனார்.

அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். மகன் அப்பாவின் கையைத் தொடப் போகும்போதெல்லாம் யாரோ ஒருவர், "அப்பா தூங்குறாருடா, தொந்தரவு பண்ணாதே" என்று இழுத்துக்கொண்டார்கள். பிள்ளை பயந்துவிடக் கூடாது என்றுதான் சொன்னார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அங்கே அவன் என்ன செய்தான், எப்படி நின்றான் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக என் மடியில் படுத்துக்கொண்டான். ஒன்றும் பேசவில்லை.

3 வாரம் கழித்து ஒரு ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு கேட்டான்: "தூங்கிட்டிருந்த அப்பாவுக்கு எதுக்கும்மா என்னைத் தீ வைக்கச் சொன்னாங்க?"

அந்த 3 வாரமும் அவன் தூங்கப் பயந்ததற்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுந்து விளக்கைப் போட்டேன். "அப்பா தூங்கலடா. அப்பா செத்துப் போயிட்டாங்க. செத்துப்போனா மூச்சு வராது, வலி தெரியாது, சூடு தெரியாது. அதுக்கு அப்புறந்தான் தீ வைப்பாங்க" என்று சொன்னேன். 'செத்துப் போயிட்டாங்க' என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். இருவரும் அழுதோம். அதன் பிறகு அவன் தூங்கினான்.

பின்னாளில் ஒரு விஷயம் படித்தேன். அமெரிக்காவில் செசமி ஸ்ட்ரீட் என்று ஒரு குழந்தைகள் தொடர் உண்டு. அதில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துவிட்டார். அந்தப் பாத்திரம் ஊரை விட்டுப் போய்விட்டதாகக் காட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அவர்கள் குழந்தை உளவியலாளர்களைக் கலந்து பேசி, 1983 நவம்பரில், ஹூப்பர் இறந்துவிட்டார், இனித் திரும்பி வரமாட்டார் என்று நேராகவே சொன்னார்கள். பார்த்தவர்கள் பள்ளிக்கூடம்கூடப் போகாத சின்னப் பிள்ளைகள். 9 வயதுப் பையனிடம் நாங்கள் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான். துக்க வீட்டுக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: அங்கிருக்கும் பிள்ளையிடம் 'தூங்குறார்', 'ஊருக்குப் போயிருக்கார்', 'சாமி கூப்பிட்டுக்கிச்சு' என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் நம் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

அந்த ராத்திரிக்குப் பிறகு பேச்சு தொடரும் என்று நினைத்தேன். தொடரவில்லை. அப்பா என்று நான் ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவான். விளையாடுவான், சிரிப்பான், சண்டை போடுவான், திடீரென்று 5 நிமிஷம் அழுவான், மறுபடி கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவான். "பிள்ளைக்கு என்ன தெரியும், மறந்துட்டான்" என்றார்கள் சொந்தக்காரர்கள். மறக்கவில்லை. பெரியவர்கள் துக்கத்தில் முழுக்க மூழ்கிக் கிடப்போம். பிள்ளைகள் மழைத் தண்ணீர்க் குட்டையில் குதிப்பதுபோல உள்ளே போய் உடனே வெளியே வந்துவிடுவார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குத் தாங்கும்.

நாங்கள் பேசிக்கொள்ள ஒரு வழி திறந்தது அடுத்த வருஷம், தமுக்கம் மைதானத்துப் புத்தகக் கண்காட்சியில். ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பை அவனே எடுத்து என் கையில் கொடுத்தான். மந்திரக் கதை என்பது தவிர எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தப் பையனுக்கு அப்பாவும் அம்மாவும் இல்லை என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்தபோது, மூடி வைத்துவிடலாமா என்று கை தயங்கியது. "படிம்மா" என்றான்.

தினமும் ராத்திரி ஓர் அத்தியாயம் நான் சத்தமாகப் படிப்பேன். 12-வது அத்தியாயத்தில் ஒரு கண்ணாடி வரும். பாழடைந்த வகுப்பறையில் நிற்கும் அந்தக் கண்ணாடியில், பார்க்கிறவரின் மனசுக்குள் ஆழமாக இருக்கும் ஆசை தெரியும். ஹாரி பார்க்கிறான், பின்னால் அவன் அம்மா நிற்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு, கலைந்த தலையோடு அப்பா நிற்கிறார். விவரம் தெரிந்து அவர்களை அவன் பார்ப்பது அதுவே முதல் தடவை. மறுநாள் ராத்திரியும் போகிறான், மூன்றாம் நாளும் போகிறான். சாப்பாடு பிடிக்கவில்லை, வேறு எதிலும் மனசு இல்லை.

படித்துக்கொண்டிருந்தபோதே மகன் சொன்னான்: "அது நம்ம போன் மாதிரிம்மா."

எனக்குச் சுருக்கென்றது. என் போனில் அவருடைய வீடியோ ஒன்று இருந்தது. 40 விநாடி. மகனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே, "ஹேண்டிலைப் பாக்காதடா, ரோட்டைப் பாரு" என்று சொல்லிக்கொண்டு ஓடி வருவார். ராத்திரி போர்வைக்குள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தவனை 2 தடவை பிடித்திருக்கிறேன். பையன் கெட்டுப்போவான் என்று பயந்து, போனைப் பீரோவில் வைத்துப் பூட்ட ஆரம்பித்திருந்தேன். அவனுடைய அப்பாவையே நான் பூட்டி வைத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

கதையில் மூன்றாம் நாள் ராத்திரி அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர் அங்கே இருக்கிறார். திட்டவில்லை. இறங்கி வந்து தரையில், ஹாரி பக்கத்தில் உட்காருகிறார். இந்தக் கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்து வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள், இதை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறேன், இனித் தேடி வராதே என்கிறார். ஆனால் முதலில் பக்கத்தில் உட்காருகிறார். நான் அதைத்தான் செய்யாமல் விட்டிருந்தேன்.

மறுநாள் போனை எடுத்து, அந்த வீடியோவைப் பென் டிரைவ் ஒன்றிலும், அண்ணன் கம்ப்யூட்டரிலும், இணையத்தில் என் கணக்கிலும் பிரதி எடுத்து வைத்தேன். அதுவரை அது ஒரே ஒரு போனில்தான் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே செய்துவிடுங்கள். அப்புறம் மகனிடம், "ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதும் சேர்ந்து பாக்கலாமா?" என்று கேட்டேன். சேர்ந்து பார்க்க ஆரம்பித்ததும் அவன் பேசினான். "அப்பா செருப்பு பிஞ்சிருந்துச்சு பாரு", "அந்த நாய் அப்புறம் குட்டி போட்டுச்சு" என்று சின்னச் சின்னதாக வந்தது. சில வாரங்களில் அவனே, "இந்த வாரம் வேணாம்மா, மேட்ச் இருக்கு" என்றான்.

அந்தப் புத்தகத்தின் முடிவில் இன்னொன்று வரும். ஹாக்ரிட் என்ற அந்தப் பெரிய உருவக்காரர், ஹாரியின் அப்பா அம்மாவோடு படித்தவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டு, அவர்களிடமிருந்த படங்களை வாங்கி ஓர் ஆல்பம் செய்து கொடுப்பார். இதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது கல்யாண ஆல்பமும், மாலை போட்ட ஒரு படமும்தான். நானும் ஆரம்பித்தேன். அவருடைய கல்லூரி நண்பர்கள், கூட வேலை பார்த்தவர்கள், மாட்டுத்தாவணி டீக்கடைக்காரர் வரை கேட்டேன். 31 படங்கள் வந்தன.

கேட்கும் விதத்தில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். "அவரைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றால் எல்லாரும், "தங்கமான மனுஷன்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "அவரோட நீங்க போன ஒரு ஊரைப் பத்திச் சொல்லுங்க", "அவர் உங்களுக்குக் கோவம் வர மாதிரி செஞ்சது ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால் கதை வருகிறது. அவற்றை வாய்ஸ் மெசேஜாகவே வாங்கி வைத்தேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் இலையில் தனித்தனியாக உப்பு வைத்துக்கொண்டே போனாராம். மகன் அதை 10 தடவையாவது கேட்டிருப்பான். இதை முதல் வருஷத்துக்குள் செய்துவிடுவது நல்லது. ஆட்கள் போனை மாற்றுகிறார்கள், படங்கள் அழிந்துவிடுகின்றன.

மகன் அப்போது 4 தடவை ஒரு மனநல ஆலோசகரிடம் போய்வந்தான். நான் கதை படிப்பதைக் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒரு யோசனை சொன்னார். "உனக்கு எப்படி இருக்குன்னு கேக்காதீங்க. ஹாரிக்கு எப்படி இருந்திருக்கும்னு கேளுங்க." சொல்லும்போது சாதாரணமாகத்தான் தெரிந்தது. ஆனால் 6 வருஷம் எங்களைத் தாங்கியது அந்தக் கேள்விதான். அவனுக்குச் சொல்ல முடியாதது எல்லாம் ஹாரியின் பெயரில் வந்தது. நான் திருத்தியதில்லை. "உனக்கும் அப்படித்தானேடா?" என்று மட்டும் கேட்கவே மாட்டேன். கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும்.

கதை மட்டும் போதும் என்று சொல்ல வரவில்லை. பல வாரங்களாகச் சாப்பாடும் தூக்கமும் இல்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறது, 'நானும் அப்பாகிட்ட போறேன்' என்று பிள்ளை சொல்கிறது என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற இலவச உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். எங்கள் காலத்தில் அது இல்லை, 2022-ல்தான் வந்தது.

மூன்றாவது புத்தகத்துக்கு வந்தபோது அவன் ஆறாம் வகுப்பு. ஆங்கிலப் புத்தகமாக வாங்கினோம். அவன் படிப்பான், நான் ஓர் அத்தியாயம் பின்னால் படித்துக்கொண்டே வருவேன். இந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அதில் டிமென்டர்கள் என்ற உருவங்கள் வரும். அவை நெருங்கினால் மனசிலிருக்கும் சந்தோஷமெல்லாம் உறிஞ்சப்பட்டு, மோசமான நினைவு மட்டும் மிஞ்சும். ஹாரிக்குக் கேட்பது அம்மாவின் அலறல், பிறகு அப்பாவின் குரல். இரண்டு பேரும் இறந்த அந்த ராத்திரியின் குரல்கள். அவற்றை விரட்ட லூபின் என்ற ஆசிரியர் பேட்ரோனஸ் என்ற மந்திரம் கற்றுக்கொடுக்கிறார். அவர் ஹாரியின் அப்பாவுக்கு நண்பர். மனசில் ஒரு சந்தோஷமான நினைவை உறுதியாகப் பிடித்துக்கொண்டு சொன்னால்தான் மந்திரம் பலிக்கும். ஹாரியால் முடியவில்லை. ஏன் என்று ஓரிடத்தில் அவனுக்கே தெரிகிறது: அந்தக் கொடுமையான நேரத்தில்தான் அப்பா அம்மாவின் குரல் கேட்கிறது. அது நின்றுவிட்டால் குரலும் போய்விடும். அவனுக்குள் ஒரு பாதி, அதை விரட்ட விரும்பவில்லை.

இதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மகன் அந்த நாட்களில் விபத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். லாரி எந்தப் பக்கம் வந்தது, எத்தனை மணி, அப்பா கடைசியாகப் போனில் என்ன பேசினார், சட்டை என்ன கலர். நானும், "அதையே ஏன்டா நோண்டுற, விடுடா" என்று அதட்டியிருக்கிறேன். அந்தக் கடைசி நாளில்தான் அவன் அப்பா அவனுக்கு மிகத் தெளிவாக இருந்தார். அதை விடு என்றால் அப்பாவை விடு என்று சொல்வது மாதிரிதான்.

ஹாரி முதலில் நினைத்துக்கொள்வது, துடைப்பத்தில் ஏறிப் பறந்த முதல் நாளை. அது போதவில்லை. அதைவிடப் பலமான நினைவாகத் தேடவேண்டியிருக்கிறது. நாங்களும் தேட ஆரம்பித்தோம். ராத்திரி சாப்பிடும்போது ஆளுக்கு ஒன்று. திருவிழா, பிறந்தநாள் எல்லாம் கூடாது, ஒன்றுமே நடக்காத சாதாரண நாளாக இருக்க வேண்டும் என்பது அவன் போட்ட விதி. திருப்பரங்குன்றத்தில் மழைக்கு ஒதுங்கிய செவ்வாய்க்கிழமை. கரண்ட் போன ராத்திரி அப்பா தோசை சுட்டுக் கருக்கியது. மருந்தின் பெயர் அச்சடித்த பேனாக்களைக் கொட்டி, எதில் மை இருக்கிறது என்று மூவரும் கிறுக்கிப் பார்த்தது. அந்தப் பேனாக்களில்தான் அவன் பரீட்சை எழுதினான். மை தீர்ந்தவை 14, இன்னும் டப்பாவில் இருக்கின்றன. விபத்தைப் பற்றிய கேள்விகள் நின்றுவிடவில்லை, ஆனால் அவன் நினைவில் இருந்த அப்பா அந்த ஒரே நாளிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

அந்தப் புத்தகத்தின் கடைசியில்தான் ஏரி வருகிறது. டிமென்டர்கள் சூழ்ந்துவிட்டன, ஹாரி சாகப்போகிறான். அக்கரையில் யாரோ மந்திரம் சொல்ல, வெள்ளியாக ஒரு கலைமான் பாய்ந்து வந்து எல்லாவற்றையும் விரட்டுகிறது. மயங்கி விழுமுன் அந்த ஆளைப் பார்த்த ஹாரிக்கு, அது தன் அப்பா என்று தோன்றிவிடுகிறது. பிறகு காலத்தில் 3 மணி நேரம் பின்னால் போகும் வாய்ப்புக் கிடைக்கிறது. அதே ஏரிக்கு வந்து புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அப்பா வருவார் என்று காத்திருக்கிறான். யாரும் வரவில்லை. எதிர்க்கரையில் தானே செத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. அப்போதுதான் புரிகிறது, தான் பார்த்தது அப்பாவை அல்ல, தன்னையே. வெளியே வந்து மந்திரம் சொல்கிறான். கலைமான் பாய்கிறது. அது அவன் அப்பா உயிரோடு இருந்தபோது எடுத்த உருவம்.

மகன் புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். நான் பின்னாலேயே போனேன். "அப்ப அவங்க அப்பா வரவே இல்லையாம்மா?" என்றான். 'பாத்தியா, நீயும் உங்க அப்பா மாதிரி' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எப்படியோ அடக்கிக்கொண்டேன். ஏன் என்றால் அவனுக்கு ஏற்கெனவே அப்படி ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். கருமாதியன்று தலைப்பாகை கட்டிவிட்டு, "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவை நீதான் பாத்துக்கணும்" என்று பெரியவர்கள் ஒவ்வொருவரும் சொன்னார்கள். அன்றிலிருந்து அவன் ராத்திரியில் எழுந்து வாசல் பூட்டையும் கேஸ் அடுப்பையும் பார்த்துவிட்டு வந்து படுப்பான். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்காமலேயே இருந்திருக்கிறான். 9 வயதில்.

நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே பேசினான். "ஹாரி உடனே செய்யலம்மா. லூபின் சார் எவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்தாரு. சாக்லேட்டெல்லாம் குடுத்தாரு. அப்புறந்தான் வந்துச்சு. நான் இப்பத்தானே ஆறாவது?"

"ஆமாடா. நீ இப்பத்தான் ஆறாவது. பூட்டை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் வேறு வேறு. அப்பாவின் இடத்தில் போய் நில் என்று பிள்ளையின் தலையில் ஏற்றி வைப்பது பாரம். அப்பாவின் ஏதோ ஒன்று தனக்குள் இருப்பதை ஒரு நாள், தன் வயதில், தானாகக் கண்டுகொள்வது சொத்து. அதற்குப் பக்கத்தில் லூபின் மாதிரி ஒருவர் வேண்டும். எங்களுக்கு அது அவருடைய நண்பர் ஒருவர். மகனுக்குச் சித்தப்பா முறை. மாதம் ஒரு ஞாயிறு வந்து சைக்கிள் செயின் மாட்டுவார், பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுப்பார். அறிவுரை எதுவும் சொன்னதில்லை. விதவை வீட்டுக்கு ஓர் ஆண் வந்துபோனால் பேசுவார்கள் என்று நான் தயங்கியபோது, என் மாமியார், "எம்பேரனுக்காக வாரான், எவன் என்ன பேசுவான்?" என்று சொல்லி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான்காவது புத்தகத்தைச் சீக்கிரம் கடந்துவிட்டோம். ஐந்தாவது வந்தது 2020-ல், கொரோனா ஊரடங்கில். அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது.

ஆன்லைன் வகுப்புக்கு ஏதோ சான்றிதழ் தேடியவன், பீரோவில் விபத்து இழப்பீட்டு வழக்கின் ஃபைலை எடுத்துவிட்டான். இன்சூரன்ஸ் கம்பெனி தாக்கல் செய்த எதிருரை அதில் இருந்தது. இறந்தவர் ஹெல்மெட் அணியவில்லை என்று எழுதியிருந்தது. அது உண்மைதான். அவருடைய ஹெல்மெட் பைக்கின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. போலீஸ் நிற்கிற இடத்தில் மட்டும் தலைக்குப் போகும். 4 வருஷமாக நான் அவனிடம் சொன்ன கதையில் லாரிக்காரன் மட்டும்தான் இருந்தான்.

அவன் கத்தவில்லை. படிக்கும் மேசையிலிருந்த அப்பா படத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். ஒரு வாரத்துக்கு மேல் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் ராத்திரி, பக்கத்துக்குள் விரலை வைத்தபடி புத்தகத்தை என்னிடம் நீட்டினான். "இதப் படி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதில் ஹாரிக்கு 15 வயது. ஆசிரியர் ஸ்னேப்பின் நினைவொன்றுக்குள் நுழைந்து, அதே 15 வயதில் இருக்கும் தன் அப்பாவைப் பார்க்கிறான். அவர் சும்மா, பொழுதுபோக்காக, தனியாக இருந்த ஸ்னேப்பை எல்லார் முன்னாலும் தொங்கவிட்டு அவமானப்படுத்துகிறார். ஊரெல்லாம் நல்லவர் என்று சொன்ன அப்பா. ஹாரிக்குத் தாங்கவில்லை. அப்பாவின் நண்பர்கள் சிரியஸையும் லூபினையும் தேடிப்பிடித்துக் கேட்கிறான். அப்போது உன் அப்பாவுக்கு 15 வயதுதான் என்கிறார் லூபின். எனக்கும் 15 வயதுதான் என்கிறான் ஹாரி. அவர்கள் சொல்லும் எதுவும் அந்தக் காட்சியை இல்லாமல் ஆக்கவில்லை. கேட்க ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

ராத்திரி ஒரு மணிக்குப் படித்து முடித்தேன். அவன் விழித்துத்தான் கிடந்தான். "எனக்கு அப்பா மேல கோவம் வருதும்மா" என்றான்.

"எனக்கும்தான்டா. நாலு வருஷமா வருது" என்றேன்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். மகனுக்கு அப்பாவைச் சாமியாக்கிக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். சாமியிடம் கோபப்பட முடியாது, சண்டை போட முடியாது, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவும் முடியாது. மறுநாள் போன் செய்ததும் அந்தச் சித்தப்பா மாஸ்க்கோடு வந்து மாடியில் உட்கார்ந்தார். மறைக்காமல் சொன்னார். "நூறு தடவை சொல்லியிருப்பேன்டா. முடி கலைஞ்சிடும்பான். டாக்டரைப் பாக்கப் போறேன், வேர்த்து ஒழுகிட்டு நிக்க முடியாதும்பான். நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்." அவர் அழுதார். என் மகன் உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கவிழ்ந்திருந்த படம் எப்போது நிமிர்ந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தேன், நிமிர்ந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் ஃபில்லிஸ் சில்வர்மன், வில்லியம் வொர்டன் என்பவர்கள், அப்பாவையோ அம்மாவையோ இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தவரோடு மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் அவருடைய பொருள் ஏதாவது ஒன்றை வைத்திருந்தார்கள். இறந்தவரை மறந்து விலகினால்தான் துக்கம் ஆறும் என்று முன்பு நினைத்திருந்ததற்கு மாறாக, உறவு தொடர்கிறது, பிள்ளை வளர வளர அந்த உறவும் மாறுகிறது என்று சில்வர்மனும் மற்றவர்களும் 1996-ல் புத்தகமாகவே எழுதினார்கள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. 9 வயதுப் பையனுக்குத் தேவைப்பட்ட அப்பா வேறு, 13 வயதுப் பையனுக்குத் தேவைப்பட்ட அப்பா வேறு. இருவரையும் நான் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு வயதிலும் அவன் அப்பாவை மறுபடி இழந்தான், மறுபடி தேடி எடுத்தான். ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங், இந்தக் கதையைத் தொடங்கிய சில மாதங்களில், 1990 டிசம்பரில், தன் தாயை இழந்தவர். இந்த 7 புத்தகங்களிலும் ஹாரியின் அப்பா ஒரே ஆளாக இல்லாமல் மாறிக்கொண்டே வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏழாவது புத்தகத்தை நாங்கள் வேண்டுமென்றே தள்ளிப்போட்டோம். 2023 கோடையில், அவன் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் எடுத்தான். இந்தத் தடவை அவன் எனக்குப் படித்தான். ஆங்கிலத்தில் ஒரு பத்தியைப் படித்துவிட்டு, தமிழில் தன் பாணியில் சொல்வான். நான் சமையலறையில் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு கேட்பேன்.

காட்டு அத்தியாயம் வந்த அன்று நான் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஹாரி சாகத் தயாராகிக் காட்டுக்குள் நடக்கிறான். கையிலிருக்கும், இறந்தவர்களை வரவழைக்கும் கல்லைத் திருப்பியதும் அப்பா, அம்மா, சிரியஸ், லூபின் நால்வரும் வந்து கூட நடக்கிறார்கள். சாவது வலிக்குமா என்று ஹாரி கேட்கிறான். வலிக்காது என்கிறார் சிரியஸ்.

மகன் அங்கே நிறுத்தினான். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. மீசை அரும்பியிருந்த முகம்.

"அப்பாவுக்கு வலிச்சிருக்குமாம்மா?"

ஏழு வருஷமாக அந்தக் கேள்வி அவனுக்குள் இருந்திருக்கிறது. லாரி எந்தப் பக்கம் வந்தது, சட்டை என்ன கலர் என்று அவன் கேட்டதெல்லாம் இதைக் கேட்க முடியாமல் கேட்டவைதான் போலிருக்கிறது. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"டாக்டர் என்கிட்ட சொன்னதச் சொல்றேன். விழுந்த உடனேயே நினைவு போயிருச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்த பிறகும் திரும்பவே இல்ல. அடிபட்ட அந்த நொடி வலிச்சிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. அதுக்கு மேல அவருக்கு எதுவும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாங்க."

"ம்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன் விட்ட வரியை விரலால் தேடி எடுத்தான். ஹாரி அப்பாவிடம், கூடவே இருப்பீங்களா என்று கேட்கும் இடம். அதை முதலில் ஆங்கிலத்தில் படித்தான், அப்புறம் எனக்காகத் தமிழில் சொன்னான்.